லீஃப்ஸ் கார்ட் சேர்க்கப் போகிறீர்களா? லெமினேட் மெஷினை முதலில் அணைத்து வையுங்கள்

ஹட்டனில் எனக்கு ஒரு சின்ன கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட், அவ்வளவுதான். 2017இல் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த அக்கா, சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டு கார்ட் கொண்டுவந்தார், ஆட்டக்காரர் படம் போட்டு அச்சடித்த, சேர்த்து வைக்கிற கார்ட். மருமகன் தன்னிடம் இரண்டிரண்டாக இருந்ததை மாமாவுக்கென்று அனுப்பியிருந்தான். எல்லாம் டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர்கள். நீல உடுப்பு, நெஞ்சில் வெள்ளை இலை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இலை என்றால் சும்மா இருக்க முடியுமா, மேலே இருந்த கார்டை எடுத்துப் பார்த்தேன். ஓஸ்டன் மெத்யூஸ், 2016-17 அப்பர் டெக் நிறுவனம், யங் கன்ஸ் வரிசை, இலக்கம் 201.

அந்த வருடம் கனடாவில் பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரை தேடிய கார்ட் அது. எனக்கு அது தெரியாது. நல்ல பொருளாகத் தெரிந்தது, பாதுகாக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறப்புச் சான்றிதழிலிருந்து சாமிப் படம் வரைக்கும் நம் ஊரில் பாதுகாப்புக்கு ஒரே வழிதானே. மெஷினைச் சூடாக்கி லெமினேட் பண்ணிவிட்டேன்.

வீடியோ அழைப்பில் காட்டியபோது மருமகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்க முடியாது, சேர்ப்பவர்கள் கண்ணில் அந்தக் கார்ட் செத்துப்போனது. ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம், எந்தக் கார்டையும் லெமினேட் செய்யாதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் படிக்கலாம்.

அணி ஒன்று, வருடம் கொஞ்சம்

நமக்கு ஹொக்கி என்றால் மாத்தளைப் பக்கம் புல்லிலும் தரையிலும் ஆடும் ஹொக்கிதான். ஐஸ் ஹொக்கியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் அரிது. தை, மாசியில் நுவரெலியாவில் விழுகிற உறைபனிதான் நமக்குத் தெரிந்த ஐஸ். அதுவும் கொழுந்தைக் கருக்குவதோடு சரி. அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். மெத்யூஸ் வளர்ந்ததே அரிசோனாப் பாலைவனத்தில். அவர் தன் முதல் ஆட்டத்திலேயே, 2016 ஒக்டோபர் 12இல், நாலு கோல் அடித்தார். அன்று லீஃப்ஸ் தோற்றது வேறு கதை.

வட அமெரிக்க என்.எச்.எல். லீக்கில் 32 அணிகள். எல்லாவற்றையும் சேர்க்க நினைத்தால் சம்பளமும் போதாது, வீடும் போதாது. ஒரு அணியை எடுங்கள். காரணம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. சொந்தக்காரர் இருக்கும் ஊர், பிடித்த நிறம், எதுவும் போதும். நான் இலைக்காக எடுத்தேன். 1967க்குப் பிறகு லீக்கின் பட்டமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தொடாத அணி என்று எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, வருடத்துக்கு ஒரு வேலி போடுங்கள். லீஃப்ஸ் என்றால் 2016-17இலிருந்து தொடங்குவது வசதி. மெத்யூஸ் வந்த பருவம் அது. இப்போதிருக்கும் இலைச் சின்னமும் அந்தப் பருவத்திலிருந்துதான் உடுப்பில் வந்தது. புது இலையின் ஓரத்தில் 31 முனைகள், மைதானம் திறந்த 1931க்காக. நரம்புகள் 17, அணி தொடங்கிய 1917க்காக. மேல் பாதியில் இருக்கும் 13 நரம்புகள் 13 கிண்ணங்களுக்காக. பழைய இலைக்கு 11 முனைதான். கார்டில் வருடம் புரியவில்லை என்றால் இலையைப் பாருங்கள். கொழுந்தைப் பார்த்தே மலை சொல்கிற ஆட்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

ஆட்டம் பார்க்கவும் நமக்கு நல்ல நேரம். டொரொன்டோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் ஒக்டோபரில் நமக்கு விடியற்காலை நாலரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்தரை. தேத்தண்ணி வைக்கிற நேரத்தில் முதல் பாதி என்று சொல்ல வந்தேன், ஐஸ் ஹொக்கியில் பாதி கிடையாது, இருபது நிமிடமாக மூன்று பகுதி.

என்ன அச்சடிக்கிறார்கள்

2014-15 பருவத்திலிருந்து என்.எச்.எல். கார்டுகளை அப்பர் டெக் என்ற ஒரே நிறுவனம்தான் அச்சடித்து வருகிறது. ஆனால் ஒரே வருடத்தில் பல பெயர்களில் வெளியிடுவார்கள். ஆரம்பிக்கிறவர் அறிய வேண்டியது முதலில் இரண்டே பெயர்: சீரிஸ் 1, சீரிஸ் 2.

சீரிஸ் 1இல் இலக்கம் 1 முதல் 250 வரை. இதில் முதல் 200 சாதாரணக் கார்டுகள், இவற்றை பேஸ் என்பார்கள். கடைசி 50 யங் கன்ஸ், அதாவது லீக்குக்குப் புதிதாக வந்த ஆட்டக்காரர்களின் முதல் கார்டுகள். சீரிஸ் 2 அதே அளவில் 251இலிருந்து 500 வரை போகும், அதில் யங் கன்ஸ் 451இலிருந்து தொடங்கும். இருநூறு கார்டை 32 அணிக்குப் பிரித்தால் அணிக்கு ஆறோ ஏழோ வரும். ஆகவே ஒரு பருவத்துக்கு உங்கள் அணியின் பேஸ் கார்டுகள் இரண்டு சீரிஸுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று. யங் கன்ஸ் இரண்டு, மூன்று. கையில் அடங்குகிற கணக்கு. அணி சேர்ப்பவர்கள் இந்த விளையாட்டில் நிலைத்து நிற்பதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு குழப்பம் தொடங்கும். ஒரே படம், ஒரே ஆட்டக்காரர், ஒரே இலக்கம், ஆனால் ஓரத்தில் வேறு நிறம் அல்லது மினுக்கம், மூலையில் 34/100 என்று ஒரு எண். இவை பேரலல். எக்ஸ்குளூசிவ்ஸ் என்பது நூறு மட்டும் அச்சானது, ஹை க்ளொஸ் பத்து மட்டும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போகிற கொழுந்து ஒன்றுதான், சல்லடை மாற மாற பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பெயரும் விலையும் மாறுகிறதல்லவா, அதே மாதிரி. எல்லா கிரேடையும் ஒரு வீட்டில் குடிக்க முடியாது. பேஸை முடியுங்கள், பேரலல் பிறகு.

இவற்றோடு ஓ-பீ-சீ என்ற பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன் நகரத்துக் கம்பனி, புகழ்பெற்ற ஆட்டக்காரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 முதல் கார்டைப் போட்டவர்கள். இப்போது அந்தப் பெயரில் அப்பர் டெக் மலிவான, நிறைய ஆட்டக்காரர்கள் வருகிற செட் போடுகிறது. நாலாவது வரிசை ஆட்டக்காரருக்கும், மாற்று கோல் காப்பாளருக்கும் கார்ட் கிடைப்பது பெரும்பாலும் இதில்தான். டிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடைகளில் 2015இலிருந்து வரும் கார்டுகள் இன்னும் வசதி. கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் காலையில் கோப்பி வாங்கும்போதே ஒரு பெக்கட் வாங்கிவிடுவார். தனியாக அலைய வேண்டியதில்லை.

தி கப், எஸ்.பி. ஒதென்டிக் என்றெல்லாம் கேள்விப்படுவீர்கள். கையெழுத்து, உடுப்புத் துண்டு, பெரிய விலை. முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கொப்பி இல்லாமல் ஒரு கார்டும் வாங்காதீர்கள்

ட்ரேடிங் கார்ட் டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு செட்டின் பட்டியலையும் அணிவாரியாகப் பார்க்கலாம், காசு இல்லை. உங்கள் அணி, உங்கள் வருடம் என்று எடுத்து ஒரு சாதாரண எண்பது பக்கக் கொப்பியில் கையால் எழுதுங்கள். போனில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எழுதும்போதுதான் பெயர்கள் மனதில் நிற்கும். மோர்கன் ரைலி, வில்லியம் நைலாண்டர் என்று நாலு வருடத்துக்கு எழுதினால் யார் வந்தார், யார் போனார் என்று ஆட்டம் பார்க்காமலே அணியின் கதை தெரிந்துவிடும்.

இலக்கம், பெயர், சீரிஸ், ஒரு சின்னப் பெட்டி. கிடைத்தால் டிக். அவ்வளவு போதும்.

பெக்கட்டா, தனிக் கார்டா

ஆசை பெக்கட்டில்தான். ஆனாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நீண்ட காலமாக சீரிஸ் 1 பெட்டி ஒன்றில் 24 பெக்கட், பெக்கட்டுக்கு 8 கார்ட் என்று இருந்தது, அதை வைத்தே பார்ப்போம். மொத்தம் 192. அதில் உங்கள் அணியின் பேஸ் கார்ட் சராசரியாக ஐந்தாறு வரும். மிச்சம் நூற்றி எண்பதுக்கு மேல் மற்றவர்களுடையது. யங் கன்ஸ் பெட்டிக்கு ஆறு. ஐம்பது பேரில் உங்கள் அணிக்காரர் இரண்டு பேர் என்று வைத்தால், நாலு பெட்டி உடைத்தால்தான் ஒருவர் கிடைப்பார், அதுவும் அதிர்ஷ்டம் சரியாக இருந்தால். கனடாப் பிள்ளைகள் மிச்சத்தைப் பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்வார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் எட்மன்டன் ஒயிலர்ஸ் கார்டை யாரிடம் மாற்றுவது?

அதே ஐந்தாறு பேஸ் கார்டைத் தனித்தனியாக வாங்கினால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு டொலருக்கும் குறைவு. ஆகவே தனிக் கார்டே வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு பெக்கட், தீபாவளிப் பட்டாசு மாதிரி, ஆசைக்கு உடைக்கலாம். நானும் உடைக்கிறேன்.

விலை பார்க்க ஈபேயில் விற்கிறவன் கேட்கிற விலையை நம்பாதீர்கள். 'விற்று முடிந்தவை' என்று தெரிவு செய்தால் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று வரும். கடைசி ஐந்தாறு விற்பனையைப் பாருங்கள்.

கடல் தாண்டுவது எப்படி

கார்டை விடத் தபால் செலவு பெரிது. இதை விளங்காமல் நான் முதல் வருடம் அரை டொலர் கார்ட் ஒன்றுக்கு அதைப் போலப் பல மடங்கு தபாலுக்குக் கொடுத்தேன். வந்து சேர்ந்தபோது மூலை மடிந்திருந்தது. விற்றவர் வெறும் கடித உறையில் போட்டிருந்தார்.

இப்போது நான் செய்வது இது. அமெரிக்காவில் சி.ஓ.எம்.சி. என்ற இடம் இருக்கிறது. இணையத்தில் வாங்குகிற தனிக் கார்டுகளை உங்கள் பெயரில் அவர்களே வைத்திருப்பார்கள், நீங்கள் சொல்லும்போது மொத்தமாக அனுப்புவார்கள். அப்பர் டெக்கின் ஈ-பெக் தளத்தில் திரையிலேயே பெக்கட் உடைக்கலாம். அதில் கிடைக்கும் அச்சுக் கார்டுகளையும் இந்த சி.ஓ.எம்.சி. கணக்குக்கு மாற்றலாம். ஆறு மாதம், எட்டு மாதம் சேரவிட்டு அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொல்வேன். டிசம்பரில் யாராவது வருவார்கள். நூறு கார்ட் ஒரு சவர்க்காரப் பெட்டி அளவுதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாங்குவதற்கு வங்கி அட்டை வேண்டும், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அதைத் திறந்துவிட்டார்களா என்று வங்கியில் முதலே கேளுங்கள்.

நேரே தபாலில் எடுப்பதென்றால் முகவரியை யோசியுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யார் கையில் எப்போது வரும் என்பது அவரவர் ராசி. ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போன் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். என் கடைக்கே தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேரின் பொதி வருகிறது. கண்காணிப்பு இலக்கம் உள்ள பொதியாக இருக்கட்டும். சுங்கப் படிவத்தில் ட்ரேடிங் கார்ட் என்றும் உண்மையான விலையும் எழுதச் சொல்லுங்கள். 'பரிசு' என்று எழுதிச் சமாளிப்பது பிறகு வினையாகும்.

அனுப்புகிறவரிடம் கேட்க வேண்டியது: கார்ட் மெல்லிய உறைக்குள், அந்த உறை கெட்டி பிளாஸ்டிக் டொப் லோடருக்குள், அது இரண்டு அட்டைக்கு நடுவில். டொப் லோடர் வாயில் செலோடேப் வேண்டாம், எளிதில் பிரிகிற நீல டேப் போதும்.

ஈரம், புகை, பூச்சி

கனடாக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகள் நமக்குக் கைகொடுக்காத இடம் இது. அங்கே குளிர் காலத்தில் வீடு காய்ந்து கிடக்கும். இங்கே மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் துவைத்த உடுப்பே காயாது. காகிதம் என்ன ஆகும்?

கார்ட் வளையும். முக்கியமாக மினுக்கக் கார்டுகள். ஒரு பக்கம் மினுக்கத் தாள், அது ஈரம் குடிக்காது. மறு பக்கம் அட்டை, அது குடித்து ஊதும். அதனால் அப்பளம் மாதிரிச் சுருளும். சுருண்டதை அயர்ன் பண்ணலாம் என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஒவ்வொரு கார்டும் முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய உறைக்குள். நூறு உறை கொண்ட கட்டாக வரும், அக்காவிடம் கார்டோடு கேட்டு வாங்குங்கள். பேஸ் கார்டுகள் ஒன்பது பை உள்ள தாள்களில், பைலில். யங் கன்ஸ் மட்டும் டொப் லோடரில். சாதாரணக் கார்டுக்கு 35 பொயின்ட் என்ற தடிப்பு அளவு சரி. உடுப்புத் துண்டு வைத்த தடித்த கார்டை அதில் திணித்தால் ஓரம் போகும், அதற்குப் பெரிய அளவுகள் இருக்கின்றன.

நம் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற, மணக்கிற பிளாஸ்டிக் பைல்களில் போடாதீர்கள். போட்டோ கொப்பிக் கடைக்காரனாகச் சொல்கிறேன், அந்தத் தாளில் கொஞ்ச வருடம் கிடந்த கொப்பியைப் பிரித்துப் பாருங்கள், எழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டி வந்துவிடும். கார்டின் மைக்கும் அதே கதிதான். சிலிசிலி பேக்கில் சுற்றி வைப்பதும் கூடாது, உள்ளே வேர்க்கும்.

பைலையும் டொப் லோடரையும் ரப்பர் ஓரம் உள்ள, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலங்கள்தான். டவுனில் சப்பாத்துக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சேர்த்துத் தருகிறார், பதிலுக்கு அவருடைய போட்டோ கொப்பிக்கு நான் காசு வாங்குவதில்லை. அரிசி போட வேண்டாம், மாவும் வண்டும் வரும். பூச்சி உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். புத்தகப் பூச்சிக்கு இறுக்கமான மூடிதான் மருந்து.

டப்பாவைத் திறப்பதற்கும் காலம் இருக்கிறது. நல்ல தேயிலை கிடைக்கும் வரட்சிக் காலம்தான் கார்டுக்கும் நல்ல காலம். டிம்புல பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை எல்லாம், ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. நல்ல வெயில் நாளில், ஆனால் வெயில் நேரே படாமல், திறந்து பார்த்து ஜெல் மாற்றி மூடுங்கள். மழை மாதங்களில் விருந்தாளிக்குக் காட்டும் ஆசையை அடக்குங்கள்.

எங்கே வைப்பது? விறகடுப்பு உள்ள வீட்டில் சமையல் பக்கச் சுவரோரம் கூடாது, புகை ஏறி வெள்ளை ஓரம் பழுப்பாகும். இஸ்தோப்பில் வைத்தால் சாரல். தகரப் பெட்டியில் இரவுக் குளிருக்கு உள்ளே நீர் பூக்கும். அலுமாரியின் நடுத்தட்டு, சுவரில் முட்டாமல். லாச்சி காய்ந்திருந்தால் அதுவும் சரி. தலையில் எண்ணெய் வைத்த கையோடு தொடாதீர்கள், அவ்வளவுதான்.

ஏமாறாமல் இருக்க

விற்பனைத் தலைப்பில் ரீப்ரின்ட், கஸ்டம் என்று சின்னதாக எழுதியிருக்கும் கார்ட் அப்பர் டெக் அச்சல்ல. 'உள்ளே என்ன இருக்கிறதோ' என்று விற்கும் மர்மப் பெட்டிகளை விட்டுவிடுங்கள், நல்லதை எடுத்த பிறகு கட்டியவையே அதிகம். உடுப்புத் துண்டுக் கார்டைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் பின்பக்கத்து வாசகத்தைப் படியுங்கள். ஆட்டத்தில் போட்ட உடுப்பா, படப்பிடிப்புக்காக ஒரு நாள் போட்டதா என்று அதில்தான் தெரியும். பி.எஸ்.ஏ. போன்றவர்கள் தரம் பார்த்துப் புள்ளி போட்டுப் பெட்டியில் அடைத்த கார்டுகளும் விற்பனைக்கு வரும். வாங்கினால் பெட்டியில் இருக்கும் சான்றிதழ் இலக்கத்தை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் கார்டை அனுப்பித் தரம் போடுவது இங்கிருந்து செய்கிற காரியமில்லை, போக வர ஆகும் செலவு பெரும்பாலும் கார்டை விழுங்கிவிடும்.

ஆள் போனால்

2025இல் லீஃப்ஸ் ஆட்டக்காரர் மிட்ச் மார்னர் வேகாஸ் அணிக்குப் போனபோது, என் கடைக்குப் பொதி வரும் அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் தன் மார்னர் கார்டெல்லாம் கொண்டுவந்து, இனி இவை எதற்கு அண்ணே என்றான். அணி சேர்ப்பவருக்கு நான் வைத்திருக்கும் விதி எளிது: இலை போட்ட படமென்றால் இருக்கும், வேகாஸ் உடுப்பில் இருப்பது வராது. அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் திரும்ப வாங்கிப்போனான்.

என் மெத்யூஸ் இப்போதும் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான். 2023-24இல் 69 கோல், அடுத்து அணித் தலைவர். அவர் ஏற ஏற என் வயிறு எரிகிறது. அந்த யங் கன்ஸை இன்னொரு தரம் வாங்க இன்னும் மனம் வரவில்லை. கொப்பியில் 201க்கு முழு டிக் போடவும் கை வரவில்லை. கொழுந்து நிறை குறைந்த நாளில் தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் விழுகிற மாதிரி, அதற்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கணக்கு, போட்டு வைத்திருக்கிறேன்.